மாஜிஸ்திரேட் கெரிச் ஓட்டை அடைத்த கதை

ஜெயிலின் பின்சுவரில் இருந்த ஓட்டை வழியாக ஒரு பன்றி வெளியே வந்தது. மாஜிஸ்திரேட் எட்மண்ட் கெரிச் குதிரையை விட்டு இறங்காமலே அதைப் பார்த்தார். பன்றியும் அவரைப் பார்த்தது. இந்த ஆளால் தனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை என்று தெரிந்துகொண்டதுபோல் மெதுவாகத் திரும்பி மறுபடி உள்ளே போய்விட்டது.

“இது யாரோட பன்றி?” என்று கெரிச் கேட்டார்.

“என்னுதுதான் ஐயா,” என்றார் மோப்ஸ்.

இடுப்பில் சாவிக்கொத்து தொங்க, வாயில் களிமண் பைப்போடு வந்து நின்றார் மோப்ஸ். டெர்லிங்ஹாம் ஜெயிலுக்கு எல்லாம் அவர்தான். கதவைத் திறப்பது, மூடுவது, ரொட்டி பங்கிடுவது, கைதிகளுக்கு பீர் விற்பது, சண்டை வந்தால் விலக்குவது எல்லாமே அவர் கையில் இருந்தது.

“பன்றி போற அளவுக்கு ஓட்டை இருக்கே. கைதி போக மாட்டானா?”

“போகலாம் ஐயா. ஆனா சாப்பாட்டுக்குத் திரும்பி வரணுமே. எதுக்கு வீணா அலைச்சல்னு இருந்துடறாங்க.”

கெரிச் இறங்கி, குனிந்து, கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு ஓட்டைக்குள் எட்டிப் பார்த்தார். இருட்டு. புகை. ஓட்டைக்குப் பக்கத்திலேயே வைக்கோலில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் அவருக்கு வழிவிட்டு நகர்ந்தாள். நகர்ந்த சிரமத்தில் நெடுநேரம் இருமினாள்.

“ஹெஸ்டர் லார்ட்டர், ஐயா,” என்று மோப்ஸ் அறிமுகம் செய்துவைத்தார். “பிரபுவோட தோப்புல சுள்ளி பொறுக்கினா. வசந்தம் வரைக்கும் இங்கதான். வசந்தம் வரைக்கும் இருப்பாளான்னுதான் தெரியல.”

கெரிச் கைக்குட்டையை இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

இந்தப் பொறுப்பு அவராகக் கேட்டு வாங்கியது அல்ல. இலையுதிர்காலத்தில் மாவட்ட மாஜிஸ்திரேட்டுகள் எல்லோரும் சத்திரத்து மாடியில் கூடியிருந்தார்கள். வறுத்த வாத்து வருவதற்குச் சற்று முன்பு கெரிச் தன் குதிரைக்குக் கொள் வைத்தார்களா என்று பார்க்கக் கீழே போனார். திரும்பி வருவதற்குள் ஜெயில் பராமரிப்பை அவர் தலையில் ஏகமனதாகக் கட்டிவிட்டார்கள். அவருக்கு முன் அந்தப் பொறுப்பில் இருந்தவர் ஜெயில் காய்ச்சலுக்குப் பயந்து உள்ளே காலே வைத்ததில்லை. எதிர்ச் சத்திரத்தின் ஜன்னலில் உட்கார்ந்து, கூரை இன்னும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போவார்.

கூட்டத்துக்குத் தலைவர் சர் ஜெர்வாஸ் பல்வர். “கிறிஸ்துமஸுக்கு முன்னாடி நானே வந்து பார்ப்பேன்,” என்று அவர் வாத்தின் தொடையைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லியிருந்தார். “ஜெயில் ஒழுங்கா இல்லைன்னு வெச்சுக்கோ, அடுத்த கூட்டத்துல உன் நாற்காலியில வேற ஆள் உட்கார்ந்திருப்பான்.”

கெரிச் மாஜிஸ்திரேட் ஆகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பார்லி பயிரிட்டுப் பெருத்த குடும்பம். ஊரில் பாதிப் பேர் அவரை இன்னும் “கெரிச் மகன்” என்றே சொன்னார்கள். மீதிப் பாதி இப்போதுதான் “மாஜிஸ்திரேட் ஐயா” என்று சொல்லப் பழகியிருந்தது. அதைக் கேட்க அவருக்குப் பிடித்திருந்தது.

“ஊர்ல நல்ல கொத்தனார் யாரு?” என்று மோப்ஸைக் கேட்டார்.

“டாக், ஐயா.”

“எங்க இருக்கான்?”

“உள்ளதான். மச்சானை மட்டப்பலகையால அடிச்சுட்டான்.”

ஓட்டைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. “சுண்ணாம்பு மட்டும் நல்லதா வாங்கிக் குடுங்க ஐயா. போன தடவை மாதிரி மண்ணைக் கலந்து குடுத்துடாதீங்க.”

“போன தடவையா?”

“இந்தச் சுவரைக் கட்டினதே நான்தானே.”

நல்ல சுண்ணாம்பு வந்தது. டாக் உள்ளேயிருந்தபடியே ஓட்டையை அடைத்தான். கெரிச் தன் மனைவி டோர்காஸை வண்டியில் அழைத்து வந்து சுவரைக் காட்டினார். டோர்காஸ் அதை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள்.

“நல்லா இருக்குங்க,” என்றாள். “எதை அடைச்சீங்க?”

அதற்குமேல் ஒரு பாராட்டு வேண்டுமா. கெரிச் அன்று இரண்டு கோப்பை திராட்சை மது குடித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினார்.

மறுநாள் காலை உணவின்போது மோப்ஸ் வந்து வாசலில் தொப்பியைக் கழற்றி நின்றார்.

“ஐயா, ஓட்டை ரொம்ப நல்லா அடைஞ்சிருக்கு.”

“சந்தோஷம்.”

“மூச்சு விட முடியல.”

கெரிச் கத்தியைக் கீழே வைத்தார். மோப்ஸ் விளக்கினார். அந்தக் கட்டடத்தில் புகைபோக்கி கிடையாது. கணப்பின் புகை வெளியே போனது அந்த ஓட்டை வழியாக. காற்று உள்ளே வந்ததும் அதன் வழியாக. வெளிச்சம் வந்ததும் அப்படித்தான். கழுவின தண்ணீர் போனதும் அப்படித்தான். நேற்று சாயங்காலம் வழக்கம்போல் கணப்பை மூட்டினார்கள். விடியும்போது ஹெஸ்டர் நினைவில்லாமல் கிடந்தாள்.

“செத்துட்டாளா?” கெரிச் நாற்காலியை விட்டு எழுந்தார்.

“இல்லை ஐயா. முற்றத்துல கொண்டுபோய்ப் போட்டோம். கண்ணைத் திறந்து, யார் இந்த வேலை பண்ணினதுன்னு கேட்டா.”

“நீ என்ன சொன்னே?”

“மாஜிஸ்திரேட் ஐயான்னு சொன்னேன்.”

கெரிச்சுக்கு அந்தப் பட்டம் அன்று அவ்வளவாக இனிக்கவில்லை.

“பன்றி?” என்று டோர்காஸ் கேட்டாள்.

“அதுவும் உள்ளதாம்மா மாட்டிக்கிச்சு. கதவு வழியா வர மாட்டேங்குது. பழக்கமில்லை.”

கெரிச் உடனே குதிரையேறிப் போனார். கைதிகள் எல்லோரும் முற்றத்தில் நின்று ஆளுக்கொரு பக்கமாக இருமிக்கொண்டிருந்தார்கள். ஹெஸ்டர் கிணற்றடியில் சாய்ந்திருந்தாள். அவர் குதிரை வந்து நின்றதும் தலையை நிமிர்த்திப் பார்த்தாள். கோபமெல்லாம் இல்லை. இன்னும் என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்பதுபோல் ஒரு பார்வை. கெரிச்சுக்கு அது கோபத்தைவிடக் கஷ்டமாக இருந்தது.

சுவரின் மேல்பாகத்தில் செங்கல் வைத்து மூடிய ஒரு ஜன்னல் தெரிந்தது.

“அது ஏன் மூடியிருக்கு?”

“ஜன்னல் வரி, ஐயா,” என்றார் மோப்ஸ். “ஜன்னல் இருந்தா வரி கட்டணும். ஜெயிலர் கையிலேர்ந்து கட்டணும்னா அவர் செங்கல்லைத்தானே தேடுவாரு.”

“இடிச்சுத் திறங்க. வரியை நான் பார்த்துக்கறேன். டாக், உன்னால முடியுமா?”

டாக் மேலே ஏறி ஜன்னலில் காதை வைத்துத் தட்டிப் பார்த்தான். நாக்கைச் சப்புக்கொட்டினான். “வெறும் அடைப்பு ஐயா. ஒரு தட்டு தட்டினா விழுந்துடும்.”

தட்டினான். விழுந்தது. செங்கலைத் தொடர்ந்து அதன்மேல் சாய்ந்துகொண்டிருந்த உத்திரமும், உத்திரத்தைத் தொடர்ந்து பாதிக் கூரையும், கூரையைத் தொடர்ந்து நேற்று அடைத்த ஓட்டையும் விழுந்தன. தூசு அடங்கியபோது டாக் மீதிச் சுவர்மேல் குதிரை ஏறினவன்போல் உட்கார்ந்திருந்தான்.

“தட்டினா விழும்னுதானே சொன்னேன்,” என்றான்.

இடிபாட்டுக்குள்ளிருந்து பன்றி வந்தது. யாரையும் பார்க்காமல் முற்றத்தின் மூலையில் போய்ப் படுத்துக்கொண்டது. எல்லோரும் வெளியே நின்றதால் ஒருவருக்கும் காயமில்லை. கெரிச் தொப்பியைக் கழற்றி, மனசுக்குள் கடவுளுக்கு நன்றி சொன்னார். சொல்லி முடித்ததும் சர் ஜெர்வாஸ் நினைவுக்கு வந்தார்.

“இன்னைக்கு ராத்திரி இவங்களை எங்க வைக்கறது?” என்று மோப்ஸ் கேட்டார்.

முதலில் சர்ச்சுக்குப் போனார்கள். பாதிரியார் ஃபெல்லோஸ் கதவை ஒரு சாண் மட்டும் திறந்தார்.

“இவங்க ஞாயித்துக்கிழமை வரலாம், கெரிச். நான் தடுக்கவே மாட்டேன். மத்த நாள்ல வந்தா வெள்ளிக் கிண்ணத்தை நான் எங்க கொண்டு போய் வைக்கறது?”

“அவங்க ஆத்துமாவைப் பத்திக் கவலையில்லையா உங்களுக்கு?”

“ஆத்துமா கண்ணுக்குத் தெரியாதே. கிண்ணம் தெரியுது.”

சத்திரக்காரன் மறுக்கவில்லை. அதுதான் பிரச்சினையாக இருந்தது. எல்லோரையும் சாராயக் கூடத்திலேயே வைத்துக்கொள்கிறேன், நிரந்தரமாகவே இருந்தாலும் சரி என்றான். கைதிகளின் முகத்தில் தெரிந்த மலர்ச்சியைப் பார்த்துவிட்டுக் கெரிச் வேண்டாம் என்றார்.

கடைசியில் அவருடைய சொந்தத் தானியக் கொட்டகைதான் மிஞ்சியது. அன்று சந்தை நாள். முன்னால் மோப்ஸ், அவர் பின்னால் கைதிகள், நடுவில் பன்றி, கடைசியில் குதிரைமேல் மாஜிஸ்திரேட் என்று ஊர்வலம் கடைத்தெரு வழியாகப் போனது. முட்டை விற்கிறவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். ஹெஸ்டரால் நடக்க முடியவில்லை. பாதி வழியில் கெரிச் இறங்கி அவளைக் குதிரைமேல் ஏற்றிவிட்டு, தானே கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தார். கூட்டத்தில் யாரோ, “கெரிச் மகன் ஜெயிலுக்குப் போறான் போல,” என்றார்கள்.

கொட்டகையை அடைந்ததும் மோப்ஸ் தலைகளை எண்ணினார். மறுபடி எண்ணினார்.

“ஐயா, ஒருத்தர் அதிகமா இருக்காரு.”

வரிசையின் கடைசியில் நின்ற கிழவர் தொப்பியைத் தொட்டார். “நான் சந்தையில சேர்ந்துக்கிட்டேன் ஐயா. குளிர்காலம் வருது. ஒரு ஓரமா இருந்துட்டுப் போறேன்.”

“குத்தம் செய்யாம உள்ளே இருக்க முடியாதுய்யா.”

“என்ன செய்யணும்னு சொல்லுங்க. செஞ்சுட்டு வரேன்.”

அவருக்கு ஒரு ரொட்டி கொடுத்து அனுப்பினார்கள். அடுத்த நாள் திரும்பி வந்தார். அதற்கப்புறம் அவரை யாரும் எண்ணவில்லை.

டோர்காஸ் அன்றிரவு கணவரோடு பேசவில்லை. மறுநாள் பேசினாள்.

“என் கொட்டகையில திருடங்க.”

“சுள்ளி பொறுக்கினவ திருடி இல்லை டோர்காஸ்.”

“அப்ப எதுக்குங்க உள்ளே போட்டீங்க?”

கெரிச், பார்லி எப்படி இருக்கிறது என்று பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு எழுந்து போனார். பார்லி அறுவடையாகி இரண்டு மாதம் ஆகியிருந்தது.

நல்ல காற்றும் சூடான பாலும் கிடைத்ததில் ஹெஸ்டரின் இருமல் மெல்ல மெல்லக் குறைந்தது. எழுந்து நடக்கத் தொடங்கியதும் சும்மா இருக்க அவளால் முடியவில்லை. பால் கறந்தாள். வெண்ணெய் கடைந்தாள். ஒருநாள் சமையல்காரி திருமதி கேதர்கோல் பல்வலி என்று படுத்துவிட, ஹெஸ்டர் மாவுருண்டையும் பன்றி இறைச்சியும் வேகவைத்து மேசைக்கு அனுப்பினாள். கெரிச் சாப்பிட்டார். இன்னும் ஒரு தட்டு கேட்டார். அது அடுப்படிவரை கேட்டது.

திருமதி கேதர்கோல் தாடையில் கட்டின துணியோடு வந்து நின்றாள்.

“இந்த வீட்டுல இத்தனை வருஷமா சமைக்கிறேன். ஒருநாளாவது ரெண்டாவது தட்டு கேட்டிருக்கீங்களா ஐயா?”

கெரிச் நேர்மையான மனிதர். யோசித்துப் பார்த்து, “இல்லை,” என்றார்.

அன்று சாயங்காலமே அவள் பெட்டியைக் கட்டிவிட்டாள். வண்டிக்காரன் அவள் புருஷன். அவனும் போய்விட்டான். ஆகவே ஹெஸ்டர் சமைத்தாள். முதலாளியை விட்டு ஓடிப்போன குற்றத்துக்காக உள்ளே இருந்த ஒருவன் வண்டி ஓட்டினான். மாஜிஸ்திரேட்டை ஏற்றிக்கொண்டு அவன் ஒருநாளும் எங்கும் ஓடிப்போகவில்லை. மற்றவர்கள் காலையில் மோப்ஸோடு ஜெயிலைக் கட்டப் போனார்கள். மத்தியானத்துக்கு மேல் கெரிச்சின் வயலில் டர்னிப் கிழங்கு பிடுங்கினார்கள்.

மோப்ஸ் மாவட்டத்தின் உத்தியோகஸ்தர் என்பதால் அவரைக் கொட்டகையில் சாப்பிட வைப்பது முறையல்ல என்று டோர்காஸுக்குத் தோன்றியது. அவர் மேசைக்கு வந்தார். முதல் வாரம் ஓரத்தில் உட்கார்ந்தார். இரண்டாவது வாரம் இறைச்சியை அவரே அறுத்துப் பரிமாறினார். கெரிச்சைவிட மெல்லிசாக அறுத்தார்.

“திரைச்சீலையை மாத்தலாமான்னு பார்க்கறேன்,” என்றாள் டோர்காஸ் ஒருநாள்.

“எனக்கென்னமோ இதே நல்லா இருக்கு,” என்றார் கெரிச்.

“மோப்ஸ், நீங்க என்ன சொல்றீங்க?”

மோப்ஸ் முட்கரண்டியை வைத்துவிட்டுத் திரைச்சீலையை நிதானமாகப் பார்த்தார். “பச்சை எடுப்பா இருக்கும்மா.”

பச்சையாக மாற்றினார்கள். எடுப்பாகத்தான் இருந்தது. தன் வீட்டில் தானே விருந்தாளியாகிவிட்டதுபோல் ஓர் உணர்வு கெரிச்சுக்கு அடிக்கடி வந்தது. ஆனால் குறை சொல்ல வழியில்லை. மோப்ஸ் இல்லாவிட்டால் ஒரு நாளும் ஓடாது. யார் எந்த வேலைக்கு, யார் யாரோடு சேரக்கூடாது, யாருக்கு எப்போது அதட்டல், யாருக்கு எப்போது பீர் என்று அவருக்குத்தான் தெரிந்திருந்தது. கைதிகள் அவர் சொன்னதைக் கேட்டார்கள். கெரிச் சொன்னதையும் கேட்டார்கள், கேட்டுவிட்டு மோப்ஸின் முகத்தைப் பார்த்தார்கள்.

ஜெயில் எழும்பியது. உத்திரத்துக்கு மரம் கிடைக்காமல் கெரிச் தன் வீட்டுப் பாதையில் தாத்தா வைத்த ஓக் மரத்தை வெட்டக் கொடுத்தார். புகைபோக்கி வந்தது. பெரிய ஜன்னல் வந்தது. சுவருக்கு வெள்ளை அடித்தார்கள். பக்கத்து ஊர்க் கொல்லன் புது மாதிரிப் பூட்டு ஒன்று செய்து கொடுத்தான். கதவைச் சாத்தினாலே போதும், தானாகப் பூட்டிக்கொள்ளும்.

“திறக்கறது?” என்று கெரிச் கேட்டார்.

“வெளியிலேர்ந்து சாவி போட்டுத்தாங்க. உள்ளேயிருந்து திறந்தா அது ஜெயில் பூட்டா?” என்றான் கொல்லன்.

சர் ஜெர்வாஸ் வருகிற நாள் வந்தது. மத்தியானத்துக்கு மேல் வருவதாகச் சொல்லியிருந்தார். சாப்பாட்டுக்கு முன் கைதிகளை ஜெயிலுக்குக் கொண்டுவந்து உட்கார வைத்துவிடுவது என்று மோப்ஸ் ஏற்பாடு. கெரிச்சுக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. காலையிலேயே தனியாக நடந்து வந்தார். கதவைத் திறந்துவைத்துத் தரை காய விட்டிருந்தார்கள். உள்ளே போனார்.

சுவர் பளிச்சென்று இருந்தது. புது வைக்கோலின் வாசனை. ஜன்னல் வழியாக வானம் தெரிந்தது. அதன் அடியில் நின்று ஆழமாக மூச்சிழுத்தார். நல்ல குளிர்ந்த காற்று. கடலிலிருந்து நேராக வருகிற காற்று. அது ஜன்னல் வழியாக வந்து, அவரைத் தாண்டிப் போய், கதவை அறைந்து சாத்தியது.

பூட்டு கொல்லன் சொன்னபடியே வேலை செய்தது.

கெரிச் கொஞ்ச நேரம் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றார். தோளால் இடித்துப் பார்த்தார். தாத்தாவின் ஓக் மரத்தில் மிஞ்சியது அந்தக் கதவு. தலையில் வைத்திருந்த டோப்பா முடி நழுவி வைக்கோலில் விழுந்ததுதான் மிச்சம். வெள்ளையடித்த சுவரில் முகம் உரச, கம்பியைப் பிடித்து ஜன்னலுக்கு எம்பினார். கீழே ரொட்டி விற்கிற பெண் கூடையோடு போய்க்கொண்டிருந்தாள்.

“அம்மா, இங்க பாரும்மா. கதவைத் திறக்கச் சொல்லு.”

“புதுசா வந்தவனா?” என்றாள் அவள், நிற்காமலே.

“நான் மாஜிஸ்திரேட்.”

அவள் நின்றாள். நிமிர்ந்து, டோப்பா இல்லாத தலையையும், முகமெல்லாம் அப்பியிருந்த சுண்ணாம்பையும் பார்த்தாள். “முன்னாடி ஒருத்தன் இருந்தான். தன்னை பிஷப்புன்னு சொல்லிப்பான். அவன் குரலாவது நல்லா இருக்கும்.”

“சத்தியமாச் சொல்றேன். நான் கெரிச்.”

“கெரிச் மகனா? அவன் கொஞ்சம் பூசினாப்போல இருப்பானே. சும்மா இருய்யா. கத்தினா மோப்ஸ்கிட்ட சொல்லிடுவேன்.” இரண்டு அடி போனவள் திரும்பி வந்தாள். கூடையிலிருந்து ஒரு ரொட்டியை எடுத்து ஜன்னல் வழியாக உள்ளே எறிந்தாள். “சாப்பிடு. எல்லாம் சரியாப் போயிடும்.”

கெரிச் வைக்கோலில் உட்கார்ந்து அந்த ரொட்டியைச் சாப்பிட்டார். வேறு எதுவும் செய்வதற்கு இல்லை. குளிரத் தொடங்கியது. கத்தினால் யாரும் நம்பப்போவதில்லை என்று தெரிந்த பிறகு, கத்த வேண்டும் என்றே தோன்றவில்லை. அடைத்த சுவருக்குள் புகையில் கிடந்த அந்தக் காலையில் ஹெஸ்டர் யாரைக் கூப்பிட்டிருப்பாள் என்று நினைத்துப் பார்த்தார். அதை நினைக்காமல் இருக்க முயன்றார். அந்த அறையில் நினைக்காமல் இருப்பது கடினமாக இருந்தது.

வண்டிச் சத்தம் கேட்டது. அதன் பிறகு கைத்தடியால் கதவைத் தட்டும் சத்தம்.

“யார் உள்ளே? கதவைத் திற. நான் சர் ஜெர்வாஸ் பல்வர்.”

சர் ஜெர்வாஸுக்குப் பசி எடுத்துவிட்டால் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிடுவார் என்பது எல்லோருக்கும் தெரியும். கெரிச் மட்டும் அந்த நேரத்தில் மறந்திருந்தார்.

“திறக்க முடியாதுங்க,” என்றார், குரலைக் கரகரப்பாக்கிக்கொண்டு. “பூட்டியிருக்கு.”

“நல்லது. ஜெயிலுன்னா அப்படித்தான் இருக்கணும். ஜெயிலர் எங்கே?”

“இப்ப வந்துடுவாருங்க.”

“உள்ளே எத்தனை பேர் இருக்கீங்க?”

“ஒருத்தன்தாங்க.”

“ஒருத்தனா? இந்த ஊர் அவ்வளவு திருந்திடுச்சா?” கதவுக்கு வெளியே மூக்குப்பொடி உறிஞ்சும் சத்தம் கேட்டது. “நீ என்ன பண்ணினே?”

கெரிச் யோசித்தார். “எல்லாத்தையும் சரிபண்ணப் பார்த்தேங்க.”

“உளறாதே. உள்ளே காத்து வருதா?”

“தேவைக்கு மேலயே வருதுங்க.”

“வைக்கோல்?”

“புதுசுங்க.”

“அந்தக் கெரிச் எப்படி? ஒழுங்கா வந்து பார்க்கறானா?”

“தங்கமான மனுஷருங்க.”

“அப்படியா? எனக்கு அவன் கொஞ்சம் மந்தம்னு நினைப்பு. நல்ல பையன்தான். ஆனா மழை பெய்யுதான்னு கேட்டா மாடு நனையுதான்னு போய்ப் பார்த்துட்டு வந்து சொல்றவன். நீ என்ன நினைக்கிறே?”

உள்ளே வைக்கோல் சரசரத்தது. “அதுவும் சரிதாங்க,” என்றது குரல்.

அப்போது மோப்ஸ் வந்து சேர்ந்தார். பின்னால் கைதிகள், பின்னால் சந்தைக் கிழவர், பின்னால் பன்றி. மோப்ஸ் தொப்பியை எடுத்து வணங்கி, சாவியைப் போட்டுக் கதவைத் திறந்தார். வைக்கோல் ஒட்டிய தலையும், சுண்ணாம்பு முகமும், ரொட்டித் துணுக்கு சிந்திய சட்டையுமாக மாஜிஸ்திரேட் எட்மண்ட் கெரிச் வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார்.

சர் ஜெர்வாஸின் பொடிடப்பா கையிலேயே நின்றது. “கெரிச்சா?”

கெரிச் வாயைத் திறந்தார். மோப்ஸ் முந்திக்கொண்டார்.

“ஐயா சொன்னபடியே காலையில உள்ள வெச்சுப் பூட்டிட்டேன். தான் உட்கார்ந்து பார்க்காத இடத்துல இன்னொருத்தரை உட்கார வைக்க மாட்டேன்னு சொல்லிட்டாரு. நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கேட்கல. அவர் வெளியே வர்ற வரைக்கும் இவங்களைக் காத்தாட வெச்சிருந்தேன்.”

முகத்தில் ஒரு சுருக்கம்கூட மாறாமல் சொன்னார். கைதிகள் எல்லோரும் தலையாட்டினார்கள். கிழவரும் ஆட்டினார்.

சர் ஜெர்வாஸ் தொண்டையைச் செருமினார். சற்று முன் கதவைப் பார்த்துத் தான் சொன்னதெல்லாம் அவருக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்துகொண்டிருந்தது. “நான் சொன்னதை மனசுல வெச்சுக்காதே கெரிச். நீ என்ன பதில் சொல்றேன்னு பார்க்கத்தான்.”

“தெரியுமுங்க,” என்றார் கெரிச்.

அதற்குப் பிறகு சர் ஜெர்வாஸ் எதிலும் குறை காணவில்லை. ஜன்னலைப் பார்த்தார், பாராட்டினார். புகைபோக்கியைப் பார்த்தார், பாராட்டினார். கெரிச்சின் வீட்டுக்கு வந்து ஹெஸ்டரின் மாவுருண்டையைச் சாப்பிட்டார். அதற்குப் பிறகு பாராட்டு நிற்கவே இல்லை. மோப்ஸ் இறைச்சியை அறுத்துப் பரிமாறுவதைப் பார்த்தார்.

“இந்த மாதிரி ஒரு ஜெயிலர் நம்ம மாவட்டத்துல இருக்கறது எனக்குத் தெரியாமப் போச்சே. கெரிச், இவனுக்கு என்ன சம்பளம்?”

“ஒண்ணும் கிடையாதுங்க,” என்றார் மோப்ஸ். “பீர் வித்துக்கறதுதான்.”

“அநியாயம். அடுத்த கூட்டத்துலயே சம்பளம் போட வைக்கறேன். வேலையும் நிரந்தரம். ஆயுசு முழுக்க நீதான் அந்த ஜெயில்ல.”

மோப்ஸின் கையில் இருந்த கத்தி நின்றது. எதற்கும் பதில் வைத்திருக்கும் மனிதர் அன்றுதான் முதல்முறையாகத் தடுமாறினார்.

“ஆயுசுக்குமா ஐயா?”

“ஆயுசுக்கும்.”

“கொஞ்சம் குறைச்சுக்க முடியாதுங்களா?”

சர் ஜெர்வாஸ் மேசையைத் தட்டிச் சிரித்தார். “அடக்கத்தைப் பாரு. முடியாது. நான் சொன்னா சொன்னதுதான்.”

அவர் சிரித்துக்கொண்டிருக்கும்போதே கெரிச் ஹெஸ்டரின் விஷயத்தை எடுத்தார். அன்று காலை வைக்கோலில் உட்கார்ந்திருந்தபோதே அதை முடிவு செய்திருந்தார். அவள் போய்விட்டால் வீட்டில் சமைக்க ஆளில்லை என்பது தெரியும். டோர்காஸ் மேசைக்கடியில் காலை மிதித்தாள். அப்படியும் சொல்லி முடித்தார். சர் ஜெர்வாஸ் மாவுருண்டையின் நினைவாக மீதித் தண்டனையைத் தள்ளுபடி செய்துவிட்டார்.

புத்தாண்டுக் கூட்டம் எல்லாவற்றையும் உறுதி செய்தது. கெரிச்சின் நாற்காலி அவரிடமே இருந்தது. சத்திரத்திலிருந்து வீடு திரும்பிய கையோடு, தமக்கை வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஹெஸ்டரைத் தானே வண்டி நிறுத்தம்வரை கொண்டுவிடப் போனார். இப்போது அவள் இருமுவதே இல்லை. கன்னத்தில் சதை வைத்திருந்தது.

“உனக்கு ஒரு நல்ல செய்தி ஹெஸ்டர்,” என்றார். “மோப்ஸ் விஷயம் முடிவாயிடுச்சு. சர் ஜெர்வாஸே முன்ன நின்னு முடிச்சுட்டார். ஆயுசு முழுக்க அவர் இனிமே அந்த ஜெயில்லதான்.”

ஹெஸ்டர் மூட்டையைக் கீழே வைத்தாள். அவள் முகம் வாடிப்போய்விட்டது.

“பாவம் ஐயா மோப்ஸ்,” என்றாள். “முயல் பிடிச்சதுக்கு ரெண்டு வருஷம் ஜெயில்னு அந்த சர் ஜெர்வாஸ் ஐயாதானே தீர்ப்பு சொன்னாரு; ஜெயிலர் செத்த அன்னைக்கு, சாவி மாட்டியிருந்த ஆணி எங்க எல்லார்லயும் இவருக்குத்தான் எட்டிச்சு, அதைத் தவிர அந்த மனுஷன் வேற என்ன தப்பு பண்ணினாரு?”